கோரலைன் பாசி வெளுத்தால், வளராவிட்டால், உதிர்ந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மாரி மழை ஒரு கிழமை அடித்து ஓய்ந்ததும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கதைதான். "அண்ணன், கல்லெல்லாம் வெள்ளையாப் போச்சு. என்ன போத்தல் வாங்கி ஊத்துற?"

அவர்கள் சொல்வது, கடல்நீர்த் தொட்டிக் கல்லில் ஊதா, இளஞ்சிவப்பாகப் படரும் கோரலைன் பாசி வெளுத்துப் போனதை. போத்தல் ஒன்றும் வேண்டாம். முதலில் உப்பை அளவுங்கள்.

கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டி ஒன்று நிற்கிறது. எங்கள் பக்கம் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் அதிகம் பேர் இல்லை. மட்டக்களப்பு டவுனில் சிலர், காத்தான்குடியில் சிலர், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் சிலர். ஒருவருக்கு ஒருவர் தெரிந்தவர்கள் என்பதால் ஒருவர் தொட்டியில் வந்த கோளாறு மற்றவர் தொட்டியிலும் வரும்போது யாராவது என்னைக் கூப்பிடுவார்கள். அப்படிப் போய்ப் போய்ப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில்.

## தொடங்குமுன்: இது கோரலைன்தானா?

கல்லில் படர்ந்த ஊதா, இளஞ்சிவப்பு எல்லாம் கோரலைன் அல்ல. விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அது சிவப்புச் சளிப் பாசி. கோரலைன் விரலுக்கு வராது, பிளேட்டுக்குத்தான் வரும். இன்னும் சந்தேகம் என்றால் சின்னத் துண்டு ஒன்றைச் சுரண்டி ஒரு கரண்டி வினாகிரியில் போடுங்கள். சோடாப் போத்தல் திறந்தது போல் நுரைத்தால் கோரலைன். உடம்பு முழுக்கச் சுண்ணாம்பு அதற்கு.

நோய் என்று நினைத்து என்னைக் கூப்பிட்ட மூன்று விஷயங்கள் நோயே இல்லை. படர்வின் ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தால் அது வளரும் விளிம்பு, சந்தோஷப்படுங்கள். மேற்பரப்பில் ஊசி முனை அளவு புள்ளிகள் இருந்தால் அவை பாசியின் இனப்பெருக்கக் குழிகள். மிளகில் பாதி அளவு வெள்ளைச் சுருள்கள், நத்தைக் குஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் அவை குழாய்ப் புழுக்கள். ஒன்றும் செய்யாது.

## கையில் வைத்திருக்க வேண்டியவை

உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றர், வெப்பமானி, கே.எச். (பாசி சுண்ணாம்பு கட்டத் தேவையான கார்பனேட்டின் அளவு) டெஸ்ட் கிட். இந்த மூன்றும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. கல்சியம், மக்னீசியம், பொஸ்பேட் கிட்டுகளை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுப் பாவிக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கிட்டுகளை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். எங்கள் வெயிலுக்கு ரசாயனம் கெட்டுப்போகும். கெட்ட கிட் பொய் சொல்லும்.

நான் பிடித்து வைக்கும் அளவுகள்: உப்பு ஆயிரத்துக்கு 35, கே.எச். 8 முதல் 9, கல்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1250 முதல் 1350, வெப்பம் 26 முதல் 28 பாகை. இலக்கம் ஒன்று கொஞ்சம் தள்ளி நின்றால் பதறத் தேவையில்லை. நேற்று 9, இன்று 6 என்று துள்ளினால்தான் பதற வேண்டும்.

## அறிகுறி 1: ஓரிரு நாளில் எல்லாக் கல்லும் வெளுத்துவிட்டது

### மாரி காலமா? உப்பு குறைந்திருக்கும்

மார்கழியில் ஒரு தம்பி கூப்பிட்டார், நாவலடிப் பக்கம் வீடு. முந்தின நாள் பாதித் தண்ணீரை மாற்றியிருக்கிறார். வீட்டுக்கு முன்னால் கடல், இரண்டு பிளாஸ்டிக் கான் அள்ளி வந்து ஊற்றுவதுதான் அவருடைய வழக்கம். போய்ப் பார்த்தேன். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவு, மீன்கள் வாயை மேலே வைத்துக்கொண்டு நிற்கின்றன, கல் முழுக்கக் கருவாட்டு முள் நிறம். ஒரு துளியை ரிஃப்ராக்டோமீற்றர் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்தால் நீலக் கோடு 26இல் நின்றது. கானில் மிச்சம் இருந்த தண்ணீரை அளந்தோம். 18!

காரணம் வாசலிலேயே இருக்கிறது. மழை பெருகினால், வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள், அல்லது தானாக உடைத்துக்கொள்ளும். வாவித் தண்ணீர் எல்லாம் பாலமீன்மடுப் பக்கத்தால் கடலில் பாயும். தெற்கே கல்லாற்றுப் பக்கத்து வாயாலும் பாயும். நன்னீர் பாரம் குறைந்தது, கடலுக்கு மேலே மிதக்கும். நாங்கள் கரையில் நின்று வாளியால் அள்ளுவது அந்த மேல் தண்ணீரைத்தான். நிறம் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கலங்கல் அடங்கிய பிறகும் உப்பு ஏறியிருக்காது.

உப்பு 35இலிருந்து 28க்கு இறங்கினால் கல்சியமும் மக்னீசியமும் அதே கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். பாசிக்கு ஒரே நாளில் இரண்டு அடி.

பார்க்க வேண்டியது: தொட்டித் தண்ணீர், கானில் உள்ள தண்ணீர் இரண்டையும் தனித்தனியே அளவுங்கள். அதற்கு முன் மீற்றரே சரியா என்று பாருங்கள். 3.65 கிராம் உப்பை 96.35 கிராம் சுத்தமான தண்ணீரில் கரைத்தால் மீற்றர் 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மேலே உள்ள சின்னத் திருகைத் திருகிச் சரி செய்யுங்கள். வெறும் தண்ணீரில் பூச்சியத்துக்கு வைத்தால் போதும் என்று கடைகளில் சொல்வார்கள். போதாது. பூச்சியத்தில் சரியாக நின்று 35இல் பிழைக்கும் மீற்றரை நான் இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.

திருத்தம்: உப்பை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். ஆவியாகிக் குறையும் அளவுக்கு நன்னீர் விடுவதற்குப் பதிலாக, 35இல் கலக்கிய கடல்நீரை விட்டு வாருங்கள். நாளுக்கு 1க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கானில் உள்ள தண்ணீர் 28 என்றால், 20 லீற்றருக்கு மீன்தொட்டிக்கான கடல் உப்பு 150 முதல் 160 கிராம் சேர்த்து ஒரு நாள் காற்றுக் குழாய் விட்டுக் கலக்கிய பிறகு அளந்து பாவியுங்கள். சமையல் உப்பு வேண்டாம். அதில் கல்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை.

நான் இப்போது செய்வது: பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை, தெரிந்த படகுக்காரர் ஒருவரிடம் கான்களைக் கொடுத்து, கரையை விட்டு வடிவாக விலகிய பிறகு அள்ளித் தரச் சொல்வேன். மாரிக்குத் தேவையானதை மூடிய கானில் இருட்டில் வைத்துவிடுவேன். ஐப்பசியிலிருந்து தை வரை கரைத் தண்ணீர் என் தொட்டிக்குள் போகாது.

### கச்சான் காலமா? உப்பு கூடியிருக்கும்

இது நேர் எதிர். வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தொட்டி மேல் ஃபேனும் ஓடினால் நாளுக்கு இரண்டு மூன்று லீற்றர் ஆவியாகும். குறைந்ததைக் கடல்நீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் ஆவியானது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. 41 வரை ஏறிய தொட்டி ஒன்றை வாழைச்சேனையில் பார்த்தேன். "கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானே விடவேணும்" என்று அந்த ஐயா சொன்னபோது மறுத்துப் பேச வாய் வரவில்லை, சொல்வது நியாயம் போலத்தான் இருந்தது.

திருத்தம் லேசு. நாளுக்கு ஒரு வாளி தொட்டித் தண்ணீரை எடுத்து அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் (வடிகட்டிச் சுத்தமாக்கிய நன்னீர்) விடுங்கள். நாளுக்கு 1, கூடிப்போனால் 2 இறங்கினால் போதும். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு டேப் துண்டு ஒட்டி வையுங்கள். குறைந்தால் நன்னீர், அவ்வளவுதான்.

### உப்பு சரியா? கே.எச். பாருங்கள்

6க்குக் கீழே இருந்தால் காரணம் இதுதான். பாசியும், தொட்டியில் உள்ள மற்றச் சுண்ணாம்பு உயிர்களும் நாள்தோறும் தின்று தீர்த்திருக்கும். நீங்கள் இரண்டு மாதமாக அளக்கவில்லை, சரியா?

பலசரக்குக் கடையில் விற்கும் அப்பச்சோடா போதும். 100 லீற்றருக்கு 3 கிராம் போட்டால் கே.எச். ஏறக்குறைய 1 ஏறும். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு கோப்பையில் கரைத்து, பம்ப் தள்ளும் இடத்தில் ஆறுதலாக ஊற்றுங்கள். நாளுக்கு 1க்கு மேல் ஏற்ற வேண்டாம். பொதியில் "பேக்கிங் பவுடர்" என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், அதில் மாவும் அமிலமும் கலந்திருக்கும்.

கே.எச். 12, 13 என்று ஏறியிருந்தாலும் வெளுக்கும். அதற்கு மருந்து கிடையாது. போடுவதை நிறுத்தினால் தானாக இறங்கும்.

### சூடு

விடிய ஆறு மணிக்கு ஒரு தரம், பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு தரம் அளவுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் 29 கூடப் பெரிய பிரச்சினை இல்லை. எங்கள் கடலே வெயில் காலத்தில் அந்தச் சூடுதான். விடிய 27, பின்னேரம் 32 என்று ஆடினால்தான் பாசி வெளுக்கும்.

முதலில் தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து நகர்த்த முடியுமா பாருங்கள். மூடியைத் திறந்து விடுங்கள். பிறகு தண்ணீர் முகத்தில் படும்படி சின்ன ஃபேன் வையுங்கள், 2, 3 பாகை இறங்கும். மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் அவ்வளவு இறங்காது, ஆனால் அப்போது தேவையும் இல்லை. சில்லர் (தண்ணீரைக் குளிராக்கும் இயந்திரம்) வாங்குவது கடைசி வழி. சில்லர் இருந்தும் குளிராவிட்டால் அதன் தூசி வடியைக் கழற்றிக் கழுவுங்கள். அப்போதும் இல்லையென்றால் ஃப்ரிஜ் திருத்துபவரைக் கூப்பிடுங்கள். காஸ் வேலையில் நாங்கள் கை வைக்கக் கூடாது.

மின்வெட்டால் வெளுத்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் என் தொட்டியில் பாசிக்கு ஒன்றும் ஆகவில்லை. மீனுக்குத்தான் மூச்சு முட்டியது, பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் வைத்துக் காப்பாற்றினேன். இருட்டு இரண்டு நாளில் கோரலைனைக் கொல்லாது.

### நத்தைகளும் மல்லாந்து கிடக்கின்றனவா?

உப்பு, கே.எச்., சூடு மூன்றும் சரி, ஆனால் பாசி வெள்ளை, நத்தைகள் கவிழ்ந்து கிடக்கின்றன, இறால் இல்லை. இது செம்பு. கல்முனையில் ஓர் ஆசிரியர் வீட்டில் இப்படித்தான் நடந்தது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் ஆவி பிடித்த சுத்தமான தண்ணீர்தானே என்று மூன்று மாதம் அதையே விட்டிருக்கிறார். அது செம்புக் குழாய்ச் சுருளில் ஊறி வரும் தண்ணீர். மீனின் வெள்ளைப் புள்ளி நோய்க்குப் போடும் செம்பு மருந்தும் இதே வேலையைச் செய்யும்.

கடைக் கிட்டுகள் இவ்வளவு சின்ன அளவைக் காட்டாது. நத்தையின் சாவைத்தான் சாட்சியாக எடுக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு தரம் கால் பங்குத் தண்ணீர் மாற்றி, மீன்தொட்டிக்கு விற்கும் நல்ல வடிகட்டும் கரியும், கிடைத்தால் செம்பு உறிஞ்சும் ரெசினும் போடுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு நத்தையை விட்டுப் பாருங்கள். அது செத்தால், கல்லைத் தூக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் மலிவு.

## அறிகுறி 2: மேலே மட்டும் வெள்ளை, நிழலில் நல்ல நிறம்

புது எல்.ஈ.டி. போட்டீர்களா? அப்படியானால் வேறு எதையும் அளக்க வேண்டாம். கோரலைன் நிழலில் வாழப் பழகியது. பழைய மங்கல் விளக்குக்குப் பழகிய பாசி மேல் புது விளக்கை முழு வேகத்தில் விட்டால் ஒரு கிழமையில் சுண்ணாம்பு நிறமாகும்.

விளக்கைப் பாதிக்குக் குறையுங்கள், கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். குறைக்க முடியாத விளக்கு என்றால் உயர்த்திக் கட்டுங்கள். ஜன்னல் வெயில் நேரே விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் வீடுகளில் பின்னேர வெயில் சாய்ந்து உள்ளே வரும், பகலில் போய்ப் பார்த்தவருக்கு அது தெரியாது.

உச்சிக் கல்லில் நேர்கோடாக வெள்ளை வந்திருந்தால், தண்ணீர் மாற்றும்போது அந்தப் பகுதி வெளியே காய்ந்திருக்கிறது. அடுத்த தரம் ஈரத் துணி போர்த்திவிடுங்கள், அல்லது கொஞ்சமாக இறக்குங்கள்.

வெளுத்த இடம் பெரும்பாலும் செத்த இடம்தான். ஆனால் அந்தச் சுண்ணாம்பின் மேலேயே புதுப் பாசி படரும். கல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள்.

## அறிகுறி 3: கோடு கோடாக, திட்டுத் திட்டாக வெள்ளை

யாரோ தின்கிறார்கள். கடல் முள்ளி (உடம்பெல்லாம் முள் நிற்கும் உருண்டைப் பிராணி) இருந்தால் அதுதான், கல்லைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சுரண்டும். இரவு பத்து மணிக்கு டோர்ச் அடித்துப் பாருங்கள், கையும் களவுமாகப் பிடிபடும். கிளி மீன் வைத்திருந்தால் அதுவும்தான். சாதாரண நத்தைகளைக் குற்றம் சொல்லாதீர்கள், அவை மேலே படியும் மெல்லிய பாசியைத்தான் வழிக்கும், கோரலைனுக்கு நல்லது.

கடல் முள்ளியை வைத்திருப்பதா கொடுத்துவிடுவதா என்பது உங்கள் இஷ்டம். பெரிய தொட்டியில் ஒன்று இருந்தால் பாசி ஈடுகொடுக்கும். 100 லீற்றரில் ஈடுகொடுக்காது.

## அறிகுறி 4: மாதக்கணக்காகியும் நிறமே வரவில்லை

### விதை இருக்கிறதா?

காய்ந்த கல்லில் தொடங்கிய தொட்டியில் கோரலைன் எங்கிருந்து வரும்? மண்ணில் விதை போடாமல் முளைக்குமா? பலரும் மறக்கும் விஷயம் இதுதான். நல்ல தொட்டி வைத்திருக்கும் ஒருவரின் பின் கண்ணாடியில் சுரண்டிய தூளை, அவருடைய தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்னப் போத்தலில் வாங்கி, வெயில் படாமல் அன்றே கொண்டு வந்து, பம்ப் தள்ளும் இடத்தில் ஊற்றுங்கள். வடிகட்டும் பஞ்சை இரண்டு மணி நேரம் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் விதை பஞ்சுக்குள் போய்விடும். மற்றவர் தொட்டியிலிருந்து நத்தை வாங்கினால் ஓட்டிலேயே விதை ஒட்டி வரும்.

பாசிக்குடாவிலோ காயன்கேணியிலோ போய்க் கல் பெயர்த்து வரலாமா என்று கேட்காதீர்கள். காயன்கேணி 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கல்முருகைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எங்கே இருந்தாலும் பாதுகாக்கப்பட்டவை. சட்டத்தை விடுங்கள், தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை உடைத்து உடைத்துக் கரையைக் கடல் தின்னக் கொடுத்தது நாங்கள் அறியாததா? ஒரு தேக்கரண்டித் தூளுக்கு அது தேவையே இல்லை.

### பொறுத்தீர்களா?

விதை போட்டு ஆறு கிழமைக்கு முன் என்னைக் கூப்பிட வேண்டாம். முதலில் பம்பின் பிளாஸ்டிக்கிலும் பின் கண்ணாடியிலும் பேனா முனை அளவு ஊதாப் புள்ளி வரும். கல்லில் பிறகுதான். இரண்டு மூன்று மாதம் என்பது சாதாரணம்.

### பொஸ்பேட் கூடியதா?

மூன்று மாதம் கடந்தும் புள்ளி இல்லை, கே.எச்., கல்சியம் எல்லாம் சரி என்றால் பொஸ்பேட் பாருங்கள். 0.1 பி.பி.எம்.க்கு மேலே போனால் சுண்ணாம்பு கட்டுவது மெதுவாகும். பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம். எங்கள் கரையோரக் கிணறுகள் மணலில் ஆழமில்லாமல் வெட்டியவை, பக்கத்திலேயே மலகூடக் குழி. குடிக்க ருசியாக இருக்கலாம், தொட்டிக்கு ஆகாது. ஆர்.ஓ. தண்ணீர் வாங்குங்கள், வாங்கிய தண்ணீரையும் டி.டி.எஸ். மீற்றரில் (கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டுவது) பாருங்கள். குடிக்க விற்கும் சில ஆர்.ஓ. தண்ணீரில் ருசிக்காக உப்பு மறுபடி சேர்ப்பார்கள். மீற்றர் 5க்குக் கீழே காட்டினால் சரி. அவசரத்துக்குப் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் பாவிக்கலாம், அமிலம் கலக்காததா என்று லேபிளை வாசித்துவிட்டு.

இரண்டாவது காரணம் உறைந்த தீனி. கட்டியை உருக்கி, அந்தச் சாற்றை ஊற்றிவிட்டு, இறாலை மட்டும் போடுங்கள். பொஸ்பேட் உறிஞ்சும் மணல் வாங்குவது இதற்கெல்லாம் பிறகு.

### மக்னீசியம்

கே.எச்., கல்சியம் இரண்டையும் எவ்வளவு போட்டாலும் நிற்காமல் இறங்கினால் மக்னீசியம் 1200க்குக் கீழே இருக்கும். மக்னீசியம் குளோரைட், ஆறுநீர்ச் சேர்க்கை உள்ளது, 84 கிராம் 100 லீற்றரில் 100 பி.பி.எம். ஏற்றும். இரண்டு மூன்று நாளாகப் பிரித்துப் போடுங்கள்.

ஸ்ட்ரொன்சியம், அயடீன், "கோரலைன் பூஸ்டர்" என்று விற்கும் சின்னப் போத்தல்களை நானும் ஒரு காலத்தில் வாங்கினேன். மாதாமாதம் தண்ணீர் மாற்றும் தொட்டிக்கு அவை தேவையில்லை என்பது என் முடிவு.

## அறிகுறி 5: கோரலைன் மேல் பச்சை முடி, பழுப்புத் தூசி

பழுப்புத் தூசி புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதம் வந்து போகும். பச்சை முடி என்றால் தீனி கூடிவிட்டது, அல்லது மேலே சொன்ன கிணற்றுத் தண்ணீர். கையால் பிடுங்குங்கள், தீனியைப் பாதியாக்குங்கள், நத்தைகள் விடுங்கள். பாசிக்கொல்லி மருந்துகளை ஊற்றாதீர்கள், கோரலைனும் பாசிதான்.

## அறிகுறி 6: தண்ணீர் பால் போலாகி, கல்லெங்கும் வெள்ளைத் தூள்

இதை நானே செய்திருக்கிறேன். கல்சியம் கரைசலையும் அப்பச்சோடாவையும் ஒரே கோப்பையில் கலந்து, ஒரே தரம் ஊற்றினேன். கண்ணுக்கு முன்னால் தொட்டி தேங்காய்ப் பால் நிறமானது. மனைவி எட்டிப் பார்த்து, "சொதி வைக்கிறீங்களா?" என்று கேட்டா. போட்ட காசெல்லாம் தூளாகி அடியில் படிந்தது. மீன் தப்பியது.

நடந்துவிட்டால் எதையும் சேர்க்காதீர்கள். பம்ப் ஓடட்டும், பஞ்சை மாற்றி மாற்றி வடியுங்கள். மறுநாள் கே.எச். பாருங்கள், விழுந்திருக்கும். நாளுக்கு 1 என்று ஏற்றுங்கள். இனிமேல் சோடா காலையில், கல்சியம் இரவில். கல்சியம் குளோரைட், இருநீர்ச் சேர்க்கை உள்ளது, 3.7 கிராம் 100 லீற்றரில் 10 பி.பி.எம். ஏற்றும்.

காத்தான்குடியில் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார். "சுண்ணாம்பு சுண்ணாம்புதானே தம்பி?" தத்துவம் பிழையில்லை, கல்சியம் ஹைட்ரொக்சைட்டு கரைசலைத் தொட்டிக்கு விடும் முறை உண்டு. ஆனால் அது சுத்தமான மருந்துத் தரப் பொடி. ஆர்.ஓ. தண்ணீர் ஒரு லீற்றருக்கு ஒன்றரைக் கிராம், தெளிந்த மேல் தண்ணீரை மட்டும், இரவில் சொட்டுச் சொட்டாக. அடியில் படிந்த மண்டி போகக் கூடாது. கையில் பட்டால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் கதை வேறு. கடைச் சுண்ணாம்பில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நானாவின் தொட்டி ஒரு மணி நேரத்தில் பி.எச். 9ஐத் தாண்டியது. இரண்டு மீன் போய்விட்டது.

## அறிகுறி 7: தகடு தகடாக உரிகிறது

கண்ணாடியிலிருந்து நிறத்தோடு உரிந்தால் ஒன்றுமில்லை. தடித்துப் பாரம் கூடியதும் கழன்று விழும், அடியில் கிடந்து வளரும். நிறம் போன பிறகு உரிந்தால் அது செத்தது, அறிகுறி 1க்குப் போங்கள்.

கண்ணாடியில் நீங்களே சுரண்டுவதானால் பழைய வங்கி அட்டை நல்லது. பிளேட் என்றால் கண்ணாடிக்கு மட்டும், அக்ரிலிக் தொட்டிக்கு வேண்டாம். மூலையில் உள்ள சிலிக்கனை விட்டு ஒரு விரல் அகலம் தள்ளி நிறுத்துங்கள். சிலிக்கனுக்குள் பிளேட் போய், விடியற்காலை விறாந்தை முழுக்கக் கடலாய்ப் போன வீடு எனக்குத் தெரியும். மூலையில் ஈரம் கசிந்தால் வெளியே டேப் ஒட்டிப் பார்க்காதீர்கள். மீனை வாளிக்கு மாற்றி, தண்ணீரை இறக்கி, தொட்டி ஒட்டும் கண்ணாடிக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 8: பம்ப் சத்தம் போடுகிறது, ஹீற்றர் மேல் கல்லாய்ப் படிந்துவிட்டது

பாசி நன்றாக வளர்வதற்கான கூலி இது. பிளக்கைக் கழற்றி, ஹீற்றரைப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு வெளியே எடுங்கள். கடையில் விற்கும் செயற்கை வினாகிரி பாதி, தண்ணீர் பாதி, ஒரு வாளியில் கலந்து பம்பை அதற்குள் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். நுரைத்து இளகும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, உள்ளே உள்ள காந்தச் சுழலியைக் கழற்றி அதன் குழியையும் தேயுங்கள், சத்தம் அங்கேதான் இருக்கும். தென்னை வினாகிரியும் வேலை செய்யும், ஆனால் ஆச்சாறுக்கு வைத்ததை எடுத்தால் வீட்டில் சண்டை. வினாகிரியோடு ப்ளீச் மட்டும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

கழுவிய ஹீற்றர் கண்ணாடியில் தலைமயிர் அளவு வெடிப்புத் தெரிந்தாலும் அதைத் திரும்பப் போடக் கூடாது, குப்பைதான். தண்ணீரில் கை வைக்கும்போது சுரீர் என்றாலோ, வீட்டு ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தாலோ, உடனே கையை எடுத்து மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனுக்குச் சொல்லுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை பற்றரிக் காற்றுப் பம்ப் போதும். பாசி ஒரு நாள் இருட்டில் கிடக்கட்டும்.